ஓஎம்-1: ஃபோம் மாற்றியும் லைட் லீக் நிற்கவில்லை, படத்தின் இடது ஓரத்தில் ஆரஞ்சுக் கீற்று

மஞ்சள்டப்பா

வணக்கம். கேமரா ஒலிம்பஸ் ஓஎம்-1, லென்ஸ் 50 மி.மீ., ஃபிலிம் 400 ஐஎஸ்ஓ கலர் நெகட்டிவ். 36 படங்களில் 9 படங்களில் இடது ஓரத்தில் ஆரஞ்சு நிறக் கீற்று விழுகிறது. ஓரத்தில் அழுத்தமாகத் தொடங்கி உள்ளே வரவர மங்குகிறது. எல்லாப் படங்களிலும் இல்லை.

கீற்று இடது பக்கம் என்பதால் ரீவைண்ட் குமிழ் இருக்கும் இடது பக்கத்தில், கதவு ஓரமாக வெளிச்சம் புகாமல் அடைக்கும் பழைய ஃபோமைச் சுரண்டி எடுத்துவிட்டு 2 மி.மீ. ஈ.வி.ஏ. ஷீட்டை வெட்டி ஒட்டியிருக்கிறேன். அடுத்த ரோலிலும் அதே இடத்தில் அதே கீற்று. இப்போது கதவு மூடவும் இறுக்கமாக இருக்கிறது. அடுத்து எதைப் பார்க்க வேண்டும்?

---

இருட்டறை

நீங்கள் எதிர்ப்பக்கத்தைச் சரிசெய்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். லென்ஸ் காட்சியைத் தலைகீழாகவும் இடவலம் மாற்றியும்தான் ஃபிலிம் மேல் விழ வைக்கிறது. நாம் பார்க்கும் படம் அதை 180 டிகிரி திருப்பி வைத்தது. அதனால் படத்தின் இடது ஓரம், கேமராவைப் பின்னாலிருந்து பார்க்கும்போது வலது ஓரம். ஓஎம்-1இல் அங்கே இருப்பது கதவின் கீல். இதே கணக்கில், படத்தின் மேல் விளிம்பில் கசிவு தெரிந்தால் கேமராவின் அடிக் காடியை, அதாவது கதவின் விளிம்பு உட்காரும் பள்ளத்தைப் பாருங்கள். கீழ் விளிம்பில் என்றால் மேல் காடி.

ஸ்கேன் செய்த படத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், நெகட்டிவைக் கையில் எடுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒன்றை மட்டும் பாருங்கள்: அந்தக் கறை படச்சட்டத்துக்குள்ளேயே நிற்கிறதா, அல்லது இரண்டு படங்களுக்கு நடுவில் இருக்கும் 2 மி.மீ. இடைவெளியையும் ஓரத் துளைகளையும் தாண்டிப் பரவுகிறதா? ஸ்கேனர் அந்த ஓரங்களை வெட்டிவிடும். உங்களுக்கு வேண்டிய தகவல் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

தாண்டிப் பரவினால் வெளிச்சம் கதவு வழியாக வந்து ஃபிலிமில் நேரடியாக விழுந்திருக்கிறது. சட்டத்தின் கோட்டோடு கத்தரித்தாற்போல் நின்றால் அது முன்பக்கத்திலிருந்து, ஃபிலிம் கேட் (படம் பதியும் செவ்வகத் திறப்பு) வழியாக வந்தது. அப்போது ஷட்டர் திரை, மிரர் பாக்ஸ், லென்ஸ் ஃப்ளேர் இவற்றில் ஒன்று. கதவு ஃபோமை எத்தனை முறை மாற்றினாலும் அது தீராது.

கீல் பக்கம் கசிந்தால் இன்னொரு அடையாளமும் இருக்கும். எடுத்து முடித்த ஃபிலிம் டேக்அப் ஸ்பூல் பக்கம், அதாவது கீல் பக்கம்தான் போய்ச் சேர்கிறது. எனவே ஒரு படத்தின் இடது ஓரத்தில் தெரியும் கறை, அதற்கு முந்தைய படத்தின் வலது ஓரத்துக்குள்ளும் நீளும். அப்படி இருக்கிறதா என்று சொல்லுங்கள்.

---

ஐசோ_நானூறு

நிறத்தையும் கவனிங்க. கலர் நெகட்டிவில் சிவப்பு உணர் அடுக்கு அடியில், பேஸ் (அடுக்குகளைத் தாங்குற பிளாஸ்டிக்) பக்கம் இருக்கு. நீல உணர் அடுக்கு மேலே. கதவு வழியா வர்ற வெளிச்சம் பின்னாலிருந்து பேஸைத் துளைச்சு வர்றதால முதலில் அடிபடுறது சிவப்பு அடுக்கு. அதனாலதான் சிவப்பு, ஆரஞ்சு. முன்பக்கமா வர்ற கசிவு பெரும்பாலும் வெளிறின வெள்ளையா இருக்கும். கசிவு ரொம்பப் பலமா இருந்தா பின்பக்கமா வந்ததும் நடுவில் மஞ்சளாகி வெளுத்துடும், அதனால நிறத்தை மட்டும் நம்பி முடிவு பண்ண வேண்டாம்.

36இல் 9 படம்தான் என்பதும் கதவையே காட்டுது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் கேமரா எவ்வளவு நேரம் வெயிலில் தொங்கினது என்பதைப் பொறுத்துத்தான் கீற்று விழும். மளமளன்னு எடுத்த படங்கள் தப்பிச்சிருக்கும்.

---

மஞ்சள்டப்பா

நெகட்டிவைப் பார்த்தேன். கறை ஓரத் துளைகள் வரை போகிறது. படம் 14இன் இடது ஓரமும் 13இன் வலது ஓரமும் சேர்ந்து ஒரே கறையாக இருக்கிறது, 21க்கும் 20க்கும் அப்படியே. கீல் பக்கம் தொட்டுப் பார்த்தால் விரலில் தார் மாதிரி கறுப்பாக ஒட்டுகிறது. மேல், கீழ் காடிகளில் தூள் தூளாக உதிர்கிறது.

---

திருகாணி

கீல்தான். காடிகளும் செத்துப் போச்சு, அடுத்து அங்கேயும் கசியும், மொத்தமா மாத்திடுங்க.

1970களில் வந்த ஜப்பான் கேமராக்களில் பெரும்பாலும் திறந்த துளை பாலியூரித்தேன் ஃபோம்தான். காத்துல இருக்கிற ஈரம் அதோட கட்டமைப்பையே உடைக்கும். முதலில் பிசுபிசுப்பா ஆகும், அப்புறம் உதிரும். பயன்படுத்தாம பெட்டியில் வெச்சிருந்தாலும் இது நடக்கும். கடலோர ஊர்களில் இன்னும் சீக்கிரம். அதனால ‘புத்தம் புதுசு, ஒரு ரோல்கூடப் போடலை’ன்னு யாராவது 50 வருஷக் கேமராவை வித்தாலும் ஃபோம் போயிருக்கும்னு வெச்சுக்குங்க.

வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு சோதனை. இருட்டு அறையில் ஃபிலிம் இருக்கிற இடத்தில் ஒரு சின்ன எல்இடி விளக்கை எரிய விட்டுக் கதவை மூடி, சுத்தி எல்லா விளிம்பையும் பாருங்க. கண் இருட்டுக்குப் பழக 5 நிமிஷம் ஆகும், அவசரப்படாதீங்க. வெளிச்சம் தெரிஞ்சா கசிவு உறுதி. தெரியலைன்னா கசிவு இல்லைன்னு அர்த்தமில்லை. ஃபிலிம் மணிக்கணக்கில் வெளிச்சத்தைச் சேர்த்து வெச்சுக்கும், நம்ம கண்ணால அது முடியாது.

ரெண்டாவது, ஷட்டர் திரை. ஓஎம்-1இல் மிரரைத் தூக்கி நிறுத்துற வசதி மவுன்ட் பக்கத்திலேயே இருக்கு. லென்ஸைக் கழட்டி, மிரரைத் தூக்கி, பின்கதவைத் திறந்து, முன்னாலிருந்து டார்ச் அடிச்சுப் பின்னாலிருந்து திரையைப் பாருங்க. ஷட்டர் ஏத்தின நிலையில் ஒரு தடவை, விட்ட நிலையில் ஒரு தடவை. ஏத்தின நிலையில் மூடி நிற்கிறது முதல் திரை, விட்ட பிறகு நிற்கிறது ரெண்டாவது திரை. ஒரு நிலையில் மட்டும் பார்த்தா பாதித் திரையைத்தான் பார்த்திருக்கீங்க. ஊசிமுனை நட்சத்திரம் மாதிரி எதுவும் தெரியலைன்னா திரை நல்லா இருக்கு.

---

மஞ்சள்டப்பா

கீல் பக்கம் மேல் மூலையில் சன்னமாக ஒரு கோடு தெரிகிறது. திரையில் எதுவும் இல்லை. பழைய ஃபோமை எடுப்பது எப்படி? போன முறை ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினேன்.

---

திருகாணி

ஸ்க்ரூ டிரைவரைத் தூக்கி ஓரமா வைங்க. காடியில் இருக்கிற கறுப்புப் பெயின்ட் போச்சுன்னா உள்ளே பளபளன்னு உலோகம் தெரியும், அதுவே வெளிச்சத்தைப் பிரதிபலிச்சு உள்ளே அனுப்பும். ஏற்கனவே கீறியிருந்தா மேட் கறுப்பு அக்ரிலிக் பெயின்ட் ஒரு பூச்சு கொடுத்து ஒரு நாள் காய விடுங்க.

வேண்டியது: 99% ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், 15 மி.லி. போதும். மூங்கில் பல்குச்சி ஒரு கட்டு, காது பட்ஸ் முப்பது, மாஸ்கிங் டேப், காத்து அடிக்கிற ரப்பர் ப்ளோயர். நெயில் பாலிஷ் ரிமூவர், தின்னர், அசிட்டோன் எதுவும் கிட்டவே வரக்கூடாது. பிளாஸ்டிக்கையும் பெயின்டையும் கரைச்சுடும்.

முதல் வேலை ஷட்டரை மூடுறது. ஃபிலிம் கேட் அளவுக்கு, 24 × 36 மி.மீ.யை விடக் கொஞ்சம் பெருசா ஒரு தாள் வெட்டி, கேட்டுக்கு வெளியே இருக்கிற உலோகத்தில் மட்டும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்க. டேப் திரையில் படவே கூடாது. ஓஎம்-1 திரை ரப்பர் பூசின துணி, ஆல்கஹால் பட்டா ரப்பர் கெடும், ஒரு துளி பிசின் ஒட்டினாலே வேகம் மாறிடும்.

ஓஎம்-1இல் ஒரு நல்ல வசதி, பின்கதவு தனியா கழண்டு வரும். கீல் பக்கம் உள்ளே இருக்கிற சின்னக் குமிழைக் கீழே இழுத்தா கீல் ஆணி விடுபடும். கதவைக் கழட்டி வெச்சுட்டு வேலை பார்த்தா கீல் பக்கம் சுத்தம் பண்றது பாதி வேலை.

இப்போ கேமராவைக் கவிழ்த்துப் பிடிங்க, உதிர்றது கீழே விழணும், உள்ளே போகக்கூடாது. முதலில் உலர்ந்த பல்குச்சியால வர்றதை எடுங்க. அப்புறம் பட்ஸை ஆல்கஹாலில் தொட்டு, டிஷ்யூவில் ஒரு தடவை ஒத்தி எடுத்துட்டு, காடியில் வெச்சு ரெண்டு நிமிஷம் ஊற விடுங்க. சொட்டுற அளவுக்கு நனைச்சா கரைஞ்ச பிசின் ஓடிப்போய் ஃபிலிம் ரெயிலிலும் ஷட்டர் உருளையிலும் உக்காரும். ஊறினதும் பல்குச்சியை உளி மாதிரி சாய்ச்சு ஒரே திசையில் தள்ளுங்க. கறுப்பு அழுக்கு திரண்டு சுருளா வரும். குச்சி முனை மழுங்கினா புதுக் குச்சி. புது பட்ஸ் வெள்ளையாவே திரும்பி வர்ற வரைக்கும் விடாதீங்க. பிசின் மிச்சம் இருந்தா மேல ஒட்டுற எதுவும் நிக்காது. அவசரமில்லாம பண்ணினா ஒரு மணி நேரம் ஆகும்.

கடைசியில் ஃபிலிம் ரெயிலையும் கதவில் ஃபிலிமை அழுத்திப் பிடிக்கிற ப்ரெஷர் பிளேட்டையும் தனி பட்ஸால ஒரு முறை துடைச்சுடுங்க. அங்கே ஒரு பொட்டு பிசின் இருந்தா ரோல் முழுக்க நீளக் கீறல்.

---

நூற்கண்டு

காடிகளுக்கு மறுபடி ஃபோம் வேண்டாம், கறுப்பு உல்லன் நூல் போடுங்கள். ஃபோம் இன்னும் பத்துப் பதினைந்து வருஷத்தில் திரும்பவும் தாராகும். கம்பளி ஆகாது. நாலு இழைக் கம்பளி நூலைப் பிரித்து இரண்டு இழையாக எடுத்தால் ஒடுக்கமான காடியில் சரியாக உட்காரும். ஓஎம்-1 உடலின் அகலம் 136 மி.மீ., ஆகவே மேலுக்கும் கீழுக்கும் 16 செ.மீ. வீதம் வெட்டிக்கொண்டு பொருத்திய பிறகு நறுக்கலாம்.

காடியின் அடியில் பல்குச்சியால் ரப்பர் பசையைத் தலைமுடி அளவுக்குக் கோடிழுத்து, ஒரு நிமிடம் கழித்து நூலை இழுக்காமல் படுக்க வைக்க வேண்டும். இழுத்து ஒட்டினால் காய்ந்த பின் சுருங்கி, மூலையில் 2 மி.மீ. இடைவெளி விட்டுவிடும். பருத்தி நூல் வேண்டாம், பஞ்சு பறந்து ஃபிலிம் கேட்டில் மயிரிழையாகத் தெரியும். சூப்பர் க்ளூ கூடவே கூடாது. அதன் ஆவி கண்ணாடியிலும் ஸ்க்ரீனிலும் வெள்ளைப் படலமாகப் படியும்.

---

இருட்டறை

காடிக்கு நூல் சரி. கீலுக்குச் சரிப்படாது. காடியில் கதவின் விளிம்பு உள்ளே இறங்கி உட்காருகிறது, அதனால் வெளிச்சம் இரண்டு முறை திரும்ப வேண்டும், நூல் அங்கே துணைக்குத்தான். கீல் பக்கம் அப்படி வளைவு கிடையாது, தட்டையான இடைவெளி. அங்கே அகலமான, அமுங்கித் திரும்ப எழும்பும் பொருள் வேண்டும். 1.5 அல்லது 2 மி.மீ. ஒட்டு ஃபோம், இல்லையென்றால் ஒட்டும் வெல்வெட் துணி.

மஞ்சள்டப்பா, நீங்கள் ஒட்டிய ஈ.வி.ஏ. ஷீட்டை எடுத்துவிடுங்கள். அது மூடிய துளை ஃபோம், எளிதில் அமுங்காது. கதவு இறுக்கமாவது அதனால்தான். இறுக்கிப் பூட்டினால் தாழ்க் கொக்கி தேயும், கதவு லேசாக வளைந்து நடுவில் விலகும், கசிவு வேறு இடத்தில் தொடங்கும். விரல் நுனியால் தள்ளினாலே கதவு ‘டக்’ என்று விழ வேண்டும். அதுதான் சரியான தடிமனுக்கு அளவு.

---

நூற்கண்டு

கீல் விஷயத்தில் இருட்டறை சொல்வது சரி, நான் காடிகளைத்தான் சொன்னேன். வெல்வெட் வெட்டும்போது முனைகளில் துளி ரப்பர் பசை தடவினால் இழை பிரியாது.

---

திருகாணி

ஃபோம் வெட்டுறதுக்குக் கட்டரில் புது பிளேடு முனை, கீழே கண்ணாடி அல்லது கட்டிங் மேட், மேல ஸ்டீல் ஸ்கேல். ஸ்கேலை அழுத்திப் பிடிச்சு ஒரே இழுப்பு. ரெண்டு தடவை இழுத்தா விளிம்பு படி படியா வரும். அகலத்தைக் கேமராவில் அளந்து எடுங்க, பழைய ஃபோமோட தடம் கறுப்பா தெரியும், அதுதான் அளவு.

ஒட்டும்போது பெரும்பாலும் கோணலாகிடும், இழுத்தா ஃபோம் பிய்யும். அதுக்கு ஒரு வழி, பின்தாளை உரிச்சதும் பசைப் பக்கத்தில் விரலால தண்ணி தொட்டுத் தடவுங்க. ஈரம் இருக்கிற வரைக்கும் பசை பிடிக்காது, ட்வீசரால நகர்த்தி நகர்த்திச் சரியான இடத்தில் உக்கார வைக்கலாம். அப்புறம் பல்குச்சியால அழுத்திட்டு, கதவைத் திறந்தே வெச்சு ராத்திரி முழுக்கக் காய விடுங்க.

---

ஐசோ_நானூறு

கதவு ஃபோம் இந்த நிலையில் இருந்தா மிரர் மேலே எழும்பி முட்டுற குஷன் ஃபோமும் அப்படித்தான் இருக்கும். அதையும் சேர்த்துப் பாருங்க.

---

இருட்டறை

அவசியம். அது மிரர் மோதும் அதிர்வைத் தாங்குவதோடு, படம் விழும் நேரத்தில் வியூஃபைண்டர் வழியாக உள்ளே வரும் வெளிச்சத்தையும் அடைக்கிறது. பிசினாகிவிட்டால் மிரர் மேலேயே ஒட்டிக்கொள்ளும், உதிர்ந்தால் ஃபோகசிங் ஸ்க்ரீனில் கறுப்புப் பொடியாக விழும்.

இங்கே தடிமன் மிக முக்கியம். பழைய குஷன் முழுசாக இருக்கும் ஓரத்தில் அளந்து அதையே போடுங்கள். தடிமன் கூடினால் மிரர் முழுக்க ஏறாது. குறைந்தால் மிரர் உலோகத்தில் மோதும். இந்த இடத்துக்கு மென்மையான திறந்த துளை ஃபோம் மட்டும்தான். நூல், வெல்வெட், ஈ.வி.ஏ. எதுவும் ஆகாது.

ஓஎம்-1இல் ஃபோகசிங் ஸ்க்ரீனை மவுன்ட் வழியாகவே கழற்றலாம். முதலில் அதை எடுத்துப் பத்திரமாக வைத்துவிடுங்கள். அது பிளாஸ்டிக், ஆல்கஹால் பட்டால் கெடும். துணியால் துடைத்தாலும் கோடு விழும், ப்ளோயர் மட்டும் போதும். மிரரின் வெள்ளிப்பூச்சு முன்பக்கத்திலேயே இருக்கிறது. அதிலும் பட்ஸ் படக்கூடாது.

இன்னொன்று, வியூஃபைண்டரில் கறுப்புப் புள்ளிகளோ அரித்தாற்போல் கோடோ தெரிகிறதா? ஓஎம்-1இல் ப்ரிஸத்தை ஒட்டியும் ஃபோம் இருக்கிறது. அது பிசினாகும்போது ப்ரிஸத்தின் வெள்ளிப்பூச்சையே அரித்துவிடும். படத்தில் எதுவும் தெரியாது என்பதால் பலர் விட்டுவிடுகிறார்கள். போன வெள்ளி திரும்பி வராது. மேல்மூடியைக் கழற்ற வேண்டிய வேலை, உள்ளே லைட் மீட்டர் ஒயர்கள் இருக்கின்றன. பழக்கமில்லையென்றால் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து, ‘அந்த ஃபோமை எடுத்துவிடுங்கள்’ என்று குறிப்பிட்டுச் சொல்லுங்கள்.

---

துருத்தி

இடையில் ஒரு கேள்வி. அக்ஃபா ஐசோலெட் மடக்குக் கேமரா, 120 ஃபிலிம். படத்துக்குள் மங்கலான வெள்ளைத் திட்டுகள். இதற்குக் கதவு ஃபோம் எதுவும் இல்லையே?

---

நூற்கண்டு

அது துருத்தி மடிப்புகளின் மூலையில் விழுந்த ஊசித்துளையாக இருக்கும். அந்தக் கால அக்ஃபா துருத்திகளுக்கு இது வழக்கமான நோய். இருட்டில் உள்ளே சின்ன டார்ச் வைத்து, துருத்தியை முழுக்க விரித்து, மூலை மூலையாகப் பாருங்கள். துளி ரப்பர் பசையில் கறுப்பு அக்ரிலிக் பெயின்ட் கலந்து, உள்பக்கமாக மெல்லிசாகத் தடவி, விரித்த நிலையிலேயே ஒரு நாள் காய வேண்டும். தடிமனாகப் பூசினால் மடியும்போது பக்கத்திலேயே புதிதாக விரிசல் விடும். துளைகள் பத்துக்கு மேல் என்றால் ஒட்டுப்போடுவதில் பலனில்லை, துருத்தியையே மாற்றுங்கள்.

பின்னாலுள்ள சிவப்பு ஜன்னலையும் பாருங்கள். சிவப்பு வெளிச்சத்தை உணராத ஆர்த்தோ ஃபிலிம் காலத்து ஏற்பாடு அது. இன்றைய பான்க்ரோ ஃபிலிம் சிவப்பையும் உணரும். எண் பார்க்கும் நேரம் தவிர மூடியே இருக்கட்டும்.

---

ஐசோ_நானூறு

இதைப் படிக்கிற ஸோர்கி, ஃபெட் வெச்சிருக்கிறவங்களுக்கு: திரைக்கு முன்னாடி மிரர் இல்லாத கேமரா, லென்ஸ் மூடி இல்லாம வெயிலில் வெச்சா சூரியன் திரையில் குவிஞ்சு துளை போட்டுடும். எப்பவும் படச்சட்டத்துக்குள்ளே அதே இடத்தில் வெள்ளைப் புள்ளி வந்தா அதுதான். கறுப்பு ஃபேப்ரிக் பெயின்ட் ஒரே ஒரு மெல்லிய பூச்சு, 24 மணி நேரம் காயணும், அதுவரை ஷட்டரை ஏத்தாதீங்க. பெயின்ட் கனமானா திரை விறைச்சு படத்தின் ஒரு பக்கம் இருட்டும்.

---

மஞ்சள்டப்பா

எல்லாம் முடிந்தது. காடிகளில் கம்பளி, கீலில் 1.5 மி.மீ. ஃபோம், மிரர் குஷன் புதிது. கதவு விரல் நுனியால் மூடுகிறது. ப்ரிஸத்தில் புள்ளி எதுவும் இல்லை. நல்ல ரோல் போடும் முன் எப்படிச் சோதிப்பது?

---

திருகாணி

விலை குறைஞ்ச 400 ஐஎஸ்ஓ ரோல் ஒண்ணு. லென்ஸ் மூடி போட்டே இருக்கட்டும். 1ஆம் படம் கிளிக் பண்ணிட்டுக் கீல் பக்கம் சூரியனைப் பார்க்க 10 நிமிஷம் வைங்க. அப்புறம் ரெண்டு படம் வெறுமனே ஓட்டிட்டு, மேல் விளிம்பு சூரியனைப் பார்க்க 10 நிமிஷம். இப்படியே தாழ்ப் பக்கம், அடிப்பக்கம். எந்த எண்ணில் எந்தப் பக்கம்னு தாளில் எழுதிக்குங்க. நெகட்டிவில் அந்த எண்கள் சுத்தமா இருந்தா வேலை முடிஞ்சது.

---

மஞ்சள்டப்பா

நெகட்டிவ் வந்துவிட்டது. நான்கு பக்கமும் சுத்தம். ஆனால் ரோலின் தொடக்கத்தில், முதல் படத்துக்கு முன்னால் வரை, இரண்டு ஓரங்களிலும் லேசாகக் கறுப்பு ஏறியிருக்கிறது. 1ஆம் படத்திலிருந்து எதுவும் இல்லை.

---

இருட்டறை

அது கேமரா இல்லை. ரோல் மாட்டும்போது கேசட் வாயிலுள்ள வெல்வெட் வழியாகவும் ஃபிலிம் நாக்கு வழியாகவும் வெளிச்சம் உள்ளே ஏறியிருக்கிறது. நிழலில், உடம்பால் வெயிலை மறைத்துக்கொண்டு மாட்டுங்கள். கதவை மூடிய பின் இரண்டு வெற்றுக் கிளிக் ஓட்டிவிட்டுக் கவுன்டர் 1இல் வந்ததும் தொடங்குங்கள். கேசட்டை டப்பாவிலிருந்து கடைசி நிமிடத்தில் எடுத்தால் போதும்.

---

மஞ்சள்டப்பா

மொட்டை மாடியில் நடுவெயிலில்தான் மாட்டினேன். நன்றி, அடுத்த ரோலை வீட்டுக்குள் மாட்டுகிறேன். காடியில் மிச்சமான கம்பளி ஒரு கண்டு இருக்கிறது, யாருக்காவது வேண்டுமென்றால் தனிச்செய்தி அனுப்புங்கள்.